பார்ப்பதற்கு முன் சொல்லுங்கள்

கேள்வி: எட்டு மாதமாக ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) பழகுகிறேன். "குறியையே முறைக்காதே, உடம்பைக் கவனி" என்று கோச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உடம்பில் எதைக் கவனிப்பது? கவனித்தால் அம்பு இன்னும் மோசமாகப் போகிறது.

பதில்: கொஞ்ச நாள் மோசமாகத்தான் போகும். கால், இடுப்பு, தோள், விரல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே அம்பில் வருகைப் பதிவு எடுக்கப் பார்க்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். நாண் இழுக்கும் பக்கத்துத் தோள்பட்டை எலும்பில் ஆரம்பியுங்கள். அது முதுகெலும்பை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறதா, அல்லது முழுக்க இழுத்ததும் அங்கேயே நின்றுவிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றுவிட்டால் மீதி வேலையை விரல்கள் எடுத்துக்கொண்டு நாணைப் பிடுங்கிவிடும்.

இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, மூன்று நான்கு மீட்டரில் வெறும் ஃபோம் பலகை முன்னால் நில்லுங்கள். கோச் பக்கத்தில் இருக்கட்டும். நாணை இழுத்து, கை தாடையில் வந்து நிலைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு அம்பை விடுங்கள். எங்கே குத்தியது என்ற கவலை போனதும் தோள் பேச ஆரம்பிக்கும். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற தகவலை நரம்புகள் மூளைக்கு எப்போதும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம்தான் கண்ணிலேயே குடியிருக்கிறோம்.

அப்புறம் 70 மீட்டருக்குப் போனதும் தொலைநோக்கியில் பார்ப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இடது, கொஞ்சம் கீழே, எட்டுப் புள்ளி." சொன்னதையும் விழுந்ததையும் எழுதி வையுங்கள். இடது என்று சொன்னது இடதில் விழுந்தால், அம்பு தப்பினாலும் எனக்குச் சந்தோஷம்தான், உடம்பு உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறது. நடு என்று சொன்னதெல்லாம் தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தால், முதலில் காற்றையும் சைட்டையும் (வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவி) பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் உடம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைபிளில் குறி எப்போதும் வலது பக்கம் நழுவுகிறது. கையால் இழுத்துச் சரிசெய்கிறேன். தவறா?

பதில்: தவறுதான். அங்கே பத்துக்கான புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்த தசை ட்ரிகர் அழுத்தும் நேரத்தில் லேசாகத் தளர்ந்தாலே குறி பழைய இடத்துக்கு ஓடிவிடும். குறி வைத்தபின் விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். துப்பாக்கி எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பின் இயல்பான திசை. அதை மாற்றப் பாதத்தைத்தான் நகர்த்த வேண்டும், பின்னங்காலை ஒரு விரற்கடை நகர்த்தினாலே போதும். மேலே கீழே வித்தியாசம் என்றால் தாங்கும் கையின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

குண்டில்லாத பயிற்சிக்கு உங்கள் ரைபிளில் வசதி இருந்தால், வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரிகர் அழுத்திப் பழகலாம். இதைப் படித்துவிட்டு முதல் கேள்விக்காரர் அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுவிட வேண்டாம், வில் உடைந்துபோகலாம்.