மாமா போட்ட கணக்கு வேண்டாம், அக்கா

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் என் மேசையில் நீங்கள் விரித்து வைத்தது மகளைச் சேர்க்க நினைக்கும் தனியார் மருத்துவக் கல்லூரியின் கட்டணத் தாள். அதன் ஓரத்தில் கிள்ளான் மாமா பேனாவால் கணக்கு போட்டிருந்தார்: அவள் அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் இவ்வளவு, வீட்டை அடகு வைத்தால் இவ்வளவு, மீதிக்குக் கடன். "இவள் தம்பிக்கு இப்படி ஆன பிறகு வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் சார்" என்று அழுதீர்கள். நானும் தண்ணீர் கொடுத்து, பார்க்கலாம் அக்கா என்றேன். அது என் தப்பு, வேண்டாம் என்றே சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவரின் ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்காதீர்கள். 2016 கடைசியிலிருந்து மலேசிய அரசு புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்க ஆரம்பித்தது, நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. கடன் மட்டும் நிரந்தரமாக இருக்கும். மாமா அதில் கையெழுத்துப் போடப் போவதில்லை.

டீச்சர், நர்ஸ், ஐடி பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும், அதை விடுங்கள். நீங்கள் வெளியே போன் பேசப் போனபோது மகள் ஒரு நோட்டைக் காட்டினாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு மூன்று தலைமுறையை வரைந்திருக்கிறாள். டயாலிசிஸில் இறந்த உங்கள் அண்ணன் சதுரத்துக்கும் தன் தம்பி சதுரத்துக்கும் நோய் வந்தவர்கள் என்று பென்சிலில் கறுப்பு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

தம்பிக்கு வந்திருப்பது ஆல்போர்ட் என்ற பரம்பரைச் சிறுநீரக நோய். சிறுநீரில் ரத்தமும் காது மந்தமும் ஏன் ஒரே பிள்ளைக்கு வருகிறது என்று அவளே எனக்கு விளக்கினாள். திசுக்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலமான அடித்தளச் சவ்வைத் தாங்குவது கொலாஜன் 4 என்ற புரதம். அதில் ஆறு வகை இழை, அவற்றுக்கு ஆறு மரபணு, இரண்டிரண்டாக 13ஆம், 2ஆம், எக்ஸ் குரோமோசோம்களில் இருக்கின்றன. 1, 2 எண் இழைகள் உடம்பு முழுக்க உண்டு. 3, 4, 5 மூன்றும் கயிறாக முறுக்கிக்கொள்வது சிறுநீரக வடிகட்டி, உள்காது, கண் என்று சில இடங்களில்தான். எக்ஸில் இருக்கும் 5 பழுதானால் அந்தக் கயிறே திரியாது. 5 தோலிலும் இருப்பதால், தோலில் ஒரு துணுக்கு எடுத்து 5ஐக் காட்டும் சாயம் ஏற்றினால் நோயுள்ள பையன்களில் பெரும்பாலோருக்கு அது இருக்க வேண்டிய கோடே தெரியாது, பழுதைச் சுமக்கும் பெண்களுக்கு விட்டு விட்டுத் தெரியும். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இதை ஒரு குடும்பத்தை உட்கார வைத்து, தாய்வழி என்பதால் தாய் குற்றவாளி இல்லை என்று புரியவைப்பதே ஒரு தொழில். மரபணு ஆலோசகர் என்பார்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ வழியாக அங்கே மரபியல் அல்லது உயிர்மருத்துவ அறிவியல் பட்டம், பிறகு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மில் மரபணு ஆலோசனைக்கான முதுகலை. முதல் பட்டத்துக்கு அரசின் கல்விக் கடனான பிடிபிடிஎன் போதும், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். தமிழிலும் மலாயிலும் பேசத் தெரிந்த பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தோட்டத்து ஜனங்களுக்கு எவ்வளவு உதவி என்று யோசியுங்கள். வேலை இடங்கள் கொஞ்சம்தான், அதுவும் பெரிய ஊர் மருத்துவமனைகளில், இதை மறைத்தால் நானும் மாமா மாதிரிதான். கிடைக்கும் வரை அதே பட்டத்தோடு பரிசோதனைக்கூட வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம். அந்த நோட்டில் உங்கள் வட்டமும் அவள் வட்டமும் வெள்ளையாகவே இருக்கின்றன. ஏன் என்றேன், "இன்னும் டெஸ்ட் பண்ணலை சார்" என்றாள். பெண்களுக்கு ஒன்றும் வராது என்பது தப்பு, அவர்களுக்கும் சிறுநீரகம் கெடலாம். யூபியூ பாரத்துக்கு முன்னால் இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போய், தம்பியின் ரிப்போர்ட்டைக் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள்.