ஆய்வக அறிக்கையில் டன்னுக்கு 18 கிராம் தங்கம் என்று இருக்கிறது. அந்தச் சுரங்கத்தில் பணம் போடலாமா?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவர் மன்னார்குடிப் பக்கம். துபாயில் இருக்கும் மைத்துனர் ஆப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்க இடத்தில் பங்கு வாங்கச் சொல்கிறார். பாறை மாதிரியில் டன்னுக்கு 18 கிராம் தங்கம் என்று ஆய்வக அறிக்கை இருக்கிறது. இடம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கம்பெனிகளுக்குள் தகராறு, அதனால்தான் பங்கு இப்போது மலிவு என்கிறார்களாம். நாலு மா நிலத்தை விற்றுப் போடலாமா?

போடாதீர்கள். ஆனால் அந்த அறிக்கை பொய் என்பதால் அல்ல. அது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் வேறு இடத்தில்.

கும்பகோணத்தில் ஒரு ஹால்மார்க் மையத்தின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருவது நகை, பாறை அல்ல. ஆனாலும் உலையில் நடப்பது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நகையிலிருந்து கால் கிராம் அளவுக்குச் சுரண்டி எடுப்போம். அதோடு கொஞ்சம் வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேல் காயும் உலைக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைப்போம். ஈயத்தையும் செம்பையும் கிண்ணம் குடித்துவிடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு குட்டி மணி. அதைத் தட்டி, உருளையில் விட்டு மெல்லிய நாடாவாக்கி, சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துபோகும். நிற்கிற தங்கச் சுருள் பார்க்கத் தங்கம் மாதிரியே இருக்காது, செங்கல் பொடி போல ஒரு பழுப்பு. மறுபடி சூடு காட்டினால்தான் மஞ்சள் வரும். பாறை என்றால் முதலில் மாவாகப் பொடித்து, ஈய ஆக்சைடு சேர்த்து உருக்கி, தங்கத்தை ஈயத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள். மீதி இதே வழி.

இந்தச் சோதனையை ஏமாற்றுவது கஷ்டம். அதனால் தில்லுமுல்லு செய்கிறவர்கள் உலைப் பக்கமே வருவதில்லை. பொட்டலம் ஆய்வகத்துக்கு வந்து சேருவதற்குள் வேலை முடிந்திருக்கும். உங்களிடம் இருக்கும் அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள். எங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக இருக்கும். ஒழுங்கான ஆய்வகம் எதுவும் அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாது. மாதிரி எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள் என்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டன்னுக்கு 3 கிராம் என்றாலே பல இடங்களில் நல்ல சுரங்கம்தான். ஒரு கிலோ பாறைத் தூளில் அது 3 மில்லிகிராம். அரைப் பவுன் மோதிரம் ஒன்றில், 22 காரட் என்று வைத்துக்கொண்டால், சுத்தத் தங்கம் சுமார் 3.66 கிராம். அதை அரம் போட்டு உதிர்த்தால் ஒரு கிலோ பொட்டலங்கள் ஆயிரத்து இருநூறுக்குத் தூவலாம். வெறும் கருங்கல்லும் சுரங்கமாகிவிடும்.

இது கற்பனை இல்லை. கனடாவின் கால்கரியில் பிரே-எக்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. இந்தோனேசியாவில் கிழக்குக் கலிமந்தான் காட்டுக்குள் பூசாங் என்ற இடத்தை 1993-ல் வாங்கியது. 1995-ல் 3 கோடி அவுன்ஸ் தங்கம் என்றார்கள், 1997 தொடக்கத்தில் 7 கோடி அவுன்ஸ். நம் கணக்கில் இரண்டாயிரம் டன்னுக்கு மேல், அதாவது இந்தியா இரண்டு மூன்று வருடங்களில் இறக்குமதி செய்யும் தங்கம். கம்பெனியின் சந்தை மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தாண்டியது. கனடாவில் ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி வரைக்கும் அதில் பணம் போட்டிருந்தது.

துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் அடுக்கி வைப்பதுதான் வழக்கம். நாளைக்குச் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டுமே. பூசாங்கில் பெரும்பாலும் முழுத் தண்டையுமே நொறுக்கி அனுப்பினார்கள். தங்கம் பொறுக்குப் பொறுக்காக இருக்கிறது, பாதியை அனுப்பினால் கணக்கு தப்பிவிடும் என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் நியாயம் இருந்தது, அதுதான் வினை. பைகள் நேராக பாலிக்பாப்பன் ஆய்வகத்துக்கும் போகவில்லை. வழியில் சமாரிண்டா அருகே ஒரு கிடங்கில் தங்கித்தான் போயின. கலப்படம் அங்கேதான் நடந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆய்வகம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. பையில் இருந்த தங்கத்தைத்தான் எழுதியது.

உங்கள் கேள்விக்கு ரொம்ப நெருக்கமான பகுதி இனிமேல்தான். பூசாங்கிலும் இடத் தகராறு இருந்தது. இந்தோனேசிய அரசு உரிமத்தை இழுத்தடித்தது. பாரிக் என்ற பெரிய கனடா கம்பெனி உள்ளே நுழையப் பார்த்தது. அதிபர் சுகார்த்தோவின் மகள் ஒரு பக்கம், மகன் இன்னொரு பக்கம். 1997 பிப்ரவரியில் ஒருவழியாகப் பங்கு பிரித்து, ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் கீழே தங்கம் இல்லாமலா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்ற சண்டையில், எதற்கு சதவீதம் என்று கேட்க ஆளில்லை. ஒரு வயலின் பட்டாவுக்கு இரண்டு பேர் கோர்ட்டுக்கு அலைகிறார்கள் என்பதற்காக அது மூன்று போகம் விளையும் என்று ஆகிவிடுமா?

ஃப்ரீபோர்ட் செய்தது ஒன்றே ஒன்று. பழைய துளைகளுக்கு ஒட்டிப் பக்கத்திலேயே தாங்களே துளை போட்டு, தாங்களே எடுத்துச் சோதித்தார்கள். சொல்லும்படி தங்கம் இல்லை. அந்தத் தகவல் வெளியே வருவதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 19-ஆம் தேதி, களத்தில் பிரே-எக்ஸுக்குத் தலைமை வகித்த நிலவியலாளர் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார் (அதைப் பற்றி உலவும் கதைகளுக்கு அளவே இல்லை, விட்டுவிடுகிறேன்). மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற தனி ஆய்வு நிறுவனமும் தங்கம் இல்லை, மாதிரிகளில் கலப்படம் என்று உறுதி செய்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது பழைய மாதிரிகளில் இருந்த தங்கத் துணுக்குகள் உருண்டு மழுங்கியிருந்தன. பாறைக்குள்ளேயே கிடந்த தங்கத்துக்கு அப்படி உருள வழியில்லை. ஆற்று மண்ணை அரித்து எடுத்த தங்கம் அது. கும்பகோணத்தில் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரிப்பவர்களிடம் கேட்டால், தட்டில் நிற்பது அரத்தூளா, தண்ணீரில் உருண்டு வந்ததா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பிரே-எக்ஸ் பங்கு சில வாரங்களிலேயே வெறும் காகிதமானது. யாரும் சிறைக்குப் போகவில்லை. மீதியிருந்த முக்கிய நிலவியலாளர் ஜான் ஃபெல்டர்ஹாஃப் மீது போட்ட பங்குச்சந்தை வழக்கில் அவர் 2007-ல் விடுதலையானார். இதற்கு அப்புறம்தான் கனடாவில் சுரங்க அறிக்கைகளுக்கு 43-101 என்ற கட்டாய விதி 2001-ல் வந்தது. தகுதியுள்ள ஒரு நிலவியலாளர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

சரி, உங்கள் மைத்துனரிடம் என்ன கேட்பது? முதலில் அந்த 18 கிராம் எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தரையில் மினுமினுப்பாகக் கிடந்த கல்லைப் பொறுக்கி அனுப்பியிருந்தால், அது அந்தக் கல்லின் அளவு, மலையின் அளவல்ல. இதில் ஏமாற்றுகூடத் தேவையில்லை, ஆசை போதும். துளை போட்டு எடுத்தது என்றால் மறுபாதித் தண்டு எங்கே இருக்கிறது, வெளி ஆள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். துளையிலிருந்து ஆய்வகம் வரை பைக்கு யார் சீல் வைத்தார்கள், யார் கையில் இருந்தது என்பதற்குப் பதிவு வேண்டும். நடுவே தங்கமே இல்லாத கல்லையும், அளவு தெரிந்த மாதிரியையும் ரகசியமாகச் சேர்த்து அனுப்பினார்களா என்பது அடுத்தது. தங்கமில்லாத கல்லிலும் தங்கம் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம், அறிக்கை எண்ணை வைத்து அந்த ஆய்வகத்துக்கு நேராக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கையில் இருப்பது நகல்தானே.

தங்கம் நிஜமாகவே இருந்தாலும் போதாது என்பதற்குக் கோலார் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தங்கம் தீரவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் எடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்று 2001 பிப்ரவரியில் மூடினார்கள்.

எங்கள் மையத்தில் நகைக்காரர் தானே சுரண்டிக் கொண்டுவந்து இதைச் சோதியுங்கள் என்றால் அதற்கு ஹால்மார்க் முத்திரை போட மாட்டோம். சுரண்டுவது எங்கள் ஆள், அதுவும் எந்த உருப்படியில் என்பதை அவரே தேர்ந்தெடுப்பார். அந்தப் பக்கம் இதற்கு ஒத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பத்திரத்தைத் தொடுங்கள்.