மழுங்காத உளி

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 33. ஊர் யாழ்ப்பாணத்து மானிப்பாய். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறேன். ஓவியம் யாரிடமும் படித்ததில்லை. போனில் பார்த்தும் நூலகத்தில் படங்களைப் புரட்டியும் நானாகவே அரூப ஓவியம் பழகினேன். மூன்று வருடமாக, இடித்த வீட்டுக் கூரையின் பனை வளைகளில், அதாவது உத்தரங்களில், சிற்பம் செதுக்குகிறேன். ருமேனியச் சிற்பி பிராங்கூசிதான் என் மானசீக குரு. அப்பா தச்சு வேலை செய்தவர், கண்ணில் வெண்புரை எடுத்தபிறகு வேலைக்குப் போவதில்லை. "இதென்ன கோதாரி, உருவமும் இல்லை, உபயோகமும் இல்லை" என்கிறார். அவருடைய பழைய உளியைத்தான் பாவிக்கிறேன். நல்ல இரும்பு, மூன்று வருடமாக மழுங்கவே இல்லை. அம்மா இல்லை, தங்கச்சி கனடாவில். என்னைப் புரிந்துகொள்ளாத வீட்டை விட்டு, கொழும்பில் ஒரு அறை எடுத்து முழுநேரக் கலைஞனாக வாழலாமா?

பதில்: தம்பி, கொழும்பு அறையைப் பிறகு பார்ப்போம். அந்த உளிக்கு வாரும்.

வீட்டு வளவில் பனை அரிந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து வளர்ந்தவள் நான். பனை வைரம் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். உள்ளே சோறு மாதிரி இருக்கும், வெளியே கறுத்த நார் இரும்பாய் நிற்கும். அதில் கொஞ்ச நேரம் கொத்தினாலே உளியின் வாய் போய்விடும். தச்சர்மார் வேலைக்கு நடுவில் எத்தனை தரம் எழும்பிப் போய்த் தீட்டிக்கொண்டு வருவார்கள்! உம்முடைய உளி மட்டும் மூன்று வருடம் மழுங்கவில்லையாம். நல்ல இரும்பாம். அட மடையா! நீர் சங்கத்துக்குப் போன நேரம் அதை யாரோ தீட்டி வைக்கிறார்கள். அந்த வீட்டில் உம்மைத் தவிர இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

வெண்புரை எடுத்த கண்ணோடு, விரல் நுனியால் வாயைத் தடவிப் பார்த்துத் தீட்டியிருப்பார். கோதாரி என்று அவர் சொன்னது உமக்கு மனப்பாடம். மூன்று வருடம் செய்தது உம் கண்ணில் படவேயில்லை. அரூபத்தைப் பார்க்கப் பழகினவருக்கு இது தெரியவில்லையென்றால் நான் என்ன சொல்ல?

நானாகவே பழகினேன் என்கிறீர். ஓவியத்தில் சரி, ஒத்துக்கொள்கிறேன். சிற்பத்தில் அந்தக் கதை வேண்டாம். கொட்டாப்புளியை எப்படிப் பிடிப்பதென்று சின்ன வயதில் எந்த வீட்டு முற்றத்தில் பார்த்தீர்? உம்முடைய பிராங்கூசியே ருமேனியாவில் கிரயோவா என்ற ஊரில் ஒரு கைத்தொழிற் பள்ளியில் மரவேலை படித்தவர்தான். பாரிசுக்குப் போனது அதற்குப் பிறகு, 1904இல். 1938இல் அவர் தன் நாட்டில் நட்ட 'முடிவற்ற தூண்' என்ற சிற்பம் ஏறத்தாழ 29 மீற்றர் உயரம். அது வார்ப்பிரும்பு, ஆனால் அதன் வடிவம் அந்தப் பக்கத்துக் கிராம வீடுகளின் விறாந்தை மரத்தூண்களை ஒத்தது. அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர். உம்முடைய அப்பா கடைந்த விறாந்தைத் தூண் மானிப்பாயில் எத்தனை வீட்டில் நிற்கிறது, ஒன்றையாவது போய்த் தடவிப் பார்த்தீரா?

கொழும்புக்குப் போனால்தான் கலைஞன் என்பதும் எனக்குப் பிடிக்காத கதை. யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு மாஸ்டர் கொழும்பில் படித்தார், உண்மை. திரும்பி வந்து இங்கேதான் வரைந்தார், யுத்த காலத்திலும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1995 இடப்பெயர்வில் அவருடைய படங்கள் எவ்வளவோ போய்விட்டன. அதற்காக அவர் வரையாமல் விடவில்லை.

நான் பழைய காலத்து மனுசி. கண் சரியில்லாத தகப்பனைத் தனியே விட்டுப் போகிறவனுக்கு என் வாயால் 'போ' என்று வராது. கலை பெரியது என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். இரவில் அந்த மனிசனுக்குச் சொட்டு மருந்து விடப்போவது யார்? வேலையை விடுவதும் வேண்டாம். சம்பளம் இல்லாவிட்டால் அடுத்த ரியூப் வர்ணத்துக்குத் தங்கச்சியிடம்தான் கை நீட்டுவீர், அது எனக்குத் தெரியாததா?

வருகிற ஞாயிறு அந்த வளையைக் கொட்டிலுக்குள் இருந்து இழுத்து விறாந்தையில், அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போடும். விளக்கம் சொல்ல வேண்டாம், பிராங்கூசியின் பெயரையும் எடுக்க வேண்டாம். நார் எந்தப் பக்கம் பிய்கிறதோ அதைக் காட்டி, எப்படி வெட்டினால் பிய்யாது என்று மட்டும் கேளும். ஏசுவார். ஏசட்டும், கையை நீட்டி மரத்தைத் தடவுவார்.

அதற்கு முன்னால், தீட்டுக்கல் எங்கே இருக்கிறதென்று உமக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அதையே முதலில் கேளும்.