மொரிஸ் மைனர் காருக்கு முற்றத்தில் வைத்துப் பெயின்ற் அடிக்கலாமோ?

தம்பி, கொக்குவில் வீட்டு முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே மொரிஸ் மைனரை முழுக்க நீங்களே ஸ்பிரே பண்ணலாமோ, கராஜில் கேட்கிற காசு கட்டாது என்று எழுதியிருக்கிறீங்கள்.

ஸ்பிரே வேண்டாம். இப்ப சோளகக் காத்து வீசுது, ஈரப் பெயின்றில் புழுதி குந்திவிடும். ஐப்பசி வரைக்கும் பொறுத்தால் மழை ஈரத்தில் தின்னர் பெயின்ற் (தின்னர் கலந்து அடிக்கிற, கெதியாய்க் காயிற லாக்கர்) வெளிறிப்போகும். அதைவிடப் பெரிய பயம், ஹார்டனர் கலந்து கடைசியாக மினுக்கத்துக்கு அடிக்கிற கிளியர். அதிலுள்ள ஐசோசயனேற் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், துணி மாஸ்க் தடுக்காது. வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருக்கினம் என்றும் சொன்னீங்கள், அதுதான் எனக்குக் கவலை.

ஆனால் மினக்கெட்ட வேலை தேய்ப்புத்தான். அதை நீங்களே செய்தால் கூலி குறையும், முதலே கராஜில் பேசி வையுங்கோ. பம்பர், லைற், பீடிங் எல்லாம் கழற்றி, கறலை (துருவை) சுரண்டி, 320, பிறகு 600 நம்பர் தேய்ப்புத் தாளால் தண்ணி விட்டுத் தேயுங்கோ. வெறும் தகரம் தெரிகிற இடத்தை உடனே துடைத்துக் காயவைத்து பிரைமர் பூசுங்கோ. விட்டால் விடியக் கறல் பிடிச்சிருக்கும்.

தொடங்க முதல் டிக்கி மூடியின் உள்பக்கத்தில் தின்னர் தோய்த்த துணியை வைத்துப் பாருங்கோ. பழைய பெயின்ற் சுருங்கினால் அநேகமாக அது எனாமல் பெயின்ற். அதைக் கராஜில் கட்டாயம் சொல்லுங்கோ, அதுக்கு மேலே தின்னர் பெயின்ற் அடித்தால் முழுக்கச் சுருக்கு விழும்.