தீபாவளி விடுமுறையில் அந்தமான் போகலாமா?

கேள்வி: நாங்கள் மும்பை முலுண்டில் இருக்கிறோம். 74 வயது மாமனார், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். செல்லுலார் சிறையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது மாமனாரின் நெடுநாள் ஆசை. தீபாவளி விடுமுறையில் அந்தமான் போகலாமா, மே மாதக் கடைசியில் போகலாமா? இரண்டிலும் மழை இருக்காதே?
— வாசகி, முலுண்ட்

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. இதே கணக்கைப் போட்டுத்தான் நானும் ஒரு நவம்பரில் என் மாமியாரை அழைத்துக்கொண்டு செம்பூரிலிருந்து கிளம்பினேன்.

நீங்கள் போடுவது மும்பைக் கணக்கு. இங்கே ஜூனில் பிடிக்கும் மழை அக்டோபர் முதல் பாதியில் விட்டுவிடும். அந்தமானில் அப்படியில்லை. தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் கால்வைப்பதே அந்தத் தீவுகளில்தான். மும்பைக்கு வருவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாக, மே 20 வாக்கில் அங்கே தொடங்கிவிடும். ஆகவே மே கடைசி என்பது நட்ட நடு மழை. சரி, அக்டோபரில் ஓய்ந்துவிடுமா என்றால், காற்று திசை மாறி வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிடும். "தெற்கு அந்தமான் கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது" என்று வானொலியில் கேட்டதும், ஊரில் நம் அம்மாமார்கள் வடகத்தை உள்ளே எடுத்து வைப்பார்களே, அந்தத் தாழ்வுப் பகுதி பிறக்கிற கடலில்தான் நீங்கள் தீபாவளிக்குப் படகேறப் போகிறீர்கள். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியதாயிற்று.

எங்களுக்கு நேர்ந்ததும் அதுவேதான், சிறிய அளவில். "மழையெல்லாம் முடிந்து சீசன் ஆரம்பித்துவிட்டது" என்று பயண முகவர் சொன்னார். ஹேவ்லாக் போன மறுநாள் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். இரண்டு இரவு அங்கேயே கிடந்தோம். திரும்பும் விமானம் போய்விட்டது. விடுதிச் சமையலறையில் கடலூர்க்காரர் ஒருவர் மாமியாருக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் மறக்க முடியாதது படகுத்துறைப் படிக்கட்டுதான். படகு ஒரு முழம் எழும்புகிறது, ஒரு முழம் இறங்குகிறது. அது எழும்பும் கணம் பார்த்துக் காலை வைக்க வேண்டும். மாமியார் மூன்று முறை காலைத் தூக்கி மூன்று முறையும் பின்வாங்கினார். கடைசியில் படகோட்டிகள் இருவர் அவரைத் தூக்கித்தான் உள்ளே உட்கார வைத்தார்கள். 74 வயதுக்காரரோடு போகிறவர் மழையைவிட அலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடல் அடங்கியிருப்பது ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை. பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் தெளிந்து, பவளப்பாறையும் மீனும் நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் நான்கு நாள் விடுப்புக் கேட்க முடிந்தால் பிப்ரவரியில் போய்விடுங்கள். நான் அதைத்தான் விரும்புவேன். முடியாதென்றால் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் தாண்டாமல். ஏப்ரலில் வெயிலும் புழுக்கமும் உண்டு. சிறையின் மூன்று மாடிக் கட்டடத்தை மாமனார் காலையிலேயே ஏறிப் பார்த்துவிடட்டும்.

கேள்வி: மாதம் சரி, தேதியிலும் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?
— வாசகர், டோம்பிவிலி

பதில்: உண்டு. தினசரிக் காலண்டரில் அமாவாசை பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் உள்வாங்கும். நீல் தீவின் லக்ஷ்மண்பூர் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றிய நேரத்தில்தான் நடந்து போக முடியும். இருட்டு இரவானால் சில கரைகளில், கையால் அளைந்தால் தண்ணீர் நீலமாக மினுங்குவதைப் பார்க்கும் வாய்ப்பும் இருக்கிறது.

இன்னொன்று, பொழுது. மும்பையிலிருந்து 20 பாகை கிழக்கே இருந்தாலும் அங்கும் கடிகாரம் நம் நேரம்தான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும், ஏப்ரலில் ஐந்தரை. நம் ஊர்ப் பழக்கத்தில் நான்கு மணிக்குக் காபி குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். காலை ஆறு மணிக்கே பளபளவென்று விடிந்திருக்கும், அப்போதே கிளம்புங்கள்.

எந்த மாதம் போனாலும், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.