ஒற்றைக் கையால் ஆடிய பீட் கிரே

கேள்வி: ஒரு கை இல்லாதவர் ஒருவர் அமெரிக்காவின் பெரிய லீக்கில் பேஸ்பால் ஆடியிருக்கிறாராமே? போர்க்காலத்தில் ஆள் கிடைக்காமல், கூட்டம் சேர்ப்பதற்காக இறக்கிவிட்டார்கள் என்கிறார் என் அண்ணன். அப்படியா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆடியது உண்மைதான். பெயர் பீட் கிரே, பென்சில்வேனியாவின் நான்டிகோக் என்ற சுரங்க ஊர்க்காரர். சின்ன வயதில் வண்டியிலிருந்து விழுந்து வலது கையை இழந்தார், அதுவரை வலக்கைக்காரர்.

ஆள் பஞ்சம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டம் சேர்க்க மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1944இல் மெம்ஃபிஸ் அணிக்காக மைனர் லீக்கில் (பெரிய லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டி) அவர் அடித்த சராசரி .333, அதாவது மூன்று முறைக்கு ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டு, ஓடிச் சேர வேண்டிய முனையான பேஸை அவுட் ஆகாமல் எட்டுவது). இரண்டு கை உள்ளவர்களுக்கே பத்துக்கு மூன்று வந்தால் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர். அதோடு 68 பேஸ் திருடினார் (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். இதைப் பார்த்துத்தான் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணி 1945இல் அவரை எடுத்துக்கொண்டது.

அவர் ஃபீல்டிங் செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இடது கை கிளவுஸில் பந்தைப் பிடிப்பார், கிளவுஸை வலப்பக்கம் மிஞ்சியிருந்த கைத்துண்டின் அடியில் இடுக்கிக்கொண்டு, பந்தை நெஞ்சின் குறுக்கே உருளவிட்டு, அதே இடது கையால் எடுத்து வீசிவிடுவார், எல்லாம் ஒரே வீச்சில்! இதற்காகவே கிளவுஸின் உள்ளே இருந்த பஞ்சைக் குறைத்து வைத்திருந்தார். எத்தனை ஆயிரம் முறை பழகியிருந்தால் இது கைவந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அவரை வீழ்த்தியது மெதுவான பந்து. வேகப்பந்தை நன்றாகவே அடித்தார். ஆனால் ஒற்றைக் கையால் பேட்டைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தவோ வேகத்தை மாற்றவோ முடியாது இல்லையா, பந்து வீசுபவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டு, வளைந்து மெதுவாக வரும் பந்துகளையே போட்டார்கள். 77 ஆட்டம், 234 முறை பேட் பிடித்ததில் 51 ஹிட், சராசரி .218. அப்போதும் ஸ்ட்ரைக்-அவுட் ஆனது, அதாவது பந்தை அடிக்கத் தவறியே ஆட்டமிழந்தது, 11 முறைதான்.

போர் முடிந்து பழைய வீரர்கள் திரும்பியதும் அவருக்குப் பெரிய லீக்கில் இடமில்லை. அப்புறம் சில வருடம் மைனர் லீக்கில் ஆடினார். 2002இல் நான்டிகோக்கிலேயே காலமானார். உங்கள் அண்ணனிடம் அந்த .333ஐ மறக்காமல் சொல்லுங்கள்.