நீலத் தொட்டியில் சாம்பார்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயில், குப்பை, புகை பற்றித்தான். வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றால் ஏன் என்று புரிகிறது. சரி, ஆரம்பிப்போம்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் மறுசுழற்சி நீலத் தொட்டியில் போத்தல், டின் எல்லாவற்றையும் கழுவித்தான் போடுகிறேன். "எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகுது, சும்மா தண்ணியை வீணாக்காதே" என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
– தோ பாயோ வாசகி

உங்கள் வீட்டுக்காரர் பாதி சரி, ஆனால் அவர் சொல்லும் காரணம் தப்பு. நீலத் தொட்டிக்கு வரும் லாரி வேறு, குப்பை லாரி வேறு. நீலத் தொட்டியில் போட்டது பிரிப்பு நிலையத்துக்குப் போய், காகிதம், உலோகம், பிளாஸ்டிக், கண்ணாடி என்று தனித்தனியாகப் பிரிக்கப்படுகிறது. சிக்கல் அதற்கு முன்பே, நம் புளோக்கின் கீழேயே நடந்துவிடுகிறது. தொட்டியில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாதது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது.

போன மாதம் எங்கள் புளோக் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன் (பக்கத்தில் நின்ற அங்கிள் நான் எதையோ திருடுகிறேன் என்று நினைத்திருப்பார்). நல்ல சுத்தமான அட்டைப்பெட்டி ஒன்று, மடித்து, கயிறு கட்டி, யாரோ அக்கறையாகப் போட்டது. அதன் மேல் காப்பிக்கடைப் பொட்டலம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பாதித் தோசை, மிச்சச் சாம்பார். சாம்பார் மெல்ல இறங்கி அட்டையின் நடுவில் ஒரு பெரிய மஞ்சள் வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு தலையணை வேறு. அந்த அட்டையின் கதை அங்கேயே முடிந்தது, எண்ணெய் ஊறிய காகிதம் எதற்கும் உதவாது. கயிறு கட்டிப் போட்டவருக்கு இது தெரியப்போவதில்லை.

ஆகாதது என்று ஒதுக்கப்படுவதெல்லாம் மற்றக் குப்பையோடு சேர்ந்து எரிகிறது. எரித்தால் குப்பையின் கன அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்குப் போகும். 1999ல் லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு மூடப்பட்ட பிறகு நமக்கு இருக்கும் ஒரே குப்பைக் கிடங்கு அதுதான். இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதற்கப்புறம் இன்னொரு தீவுக்கு எங்கே போவது?

அதனால் கழுவுங்கள் அம்மா, ஆனால் விளக்கிப் பளபளக்க வைக்க வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போதும், வீட்டுக்காரரும் தண்ணீர்க் கணக்கைப் பற்றிப் பேச முடியாது. டிஷ்யூ, ஸ்டைரோஃபோம், சாப்பாட்டுக் கறை பிடித்த பொட்டலம் மூன்றும் நீலத் தொட்டிக்கு ஆகாது. தலையணையும்தான்.

பேரங்காடியில் பைக்கு ஐந்து காசு வாங்குகிறார்களே, ஐந்து காசில் உலகம் குளிர்ந்துவிடுமா?
– ஈசூன் வாசகர்

குளிராது. 2023 ஜூலை 3ஆம் தேதி முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது ஐந்து காசு வாங்க வேண்டும் என்பது விதி. காசு பெரிதில்லை, கை தானாக நீள்வதை ஒரு நொடி நிறுத்துவதுதான் நோக்கம். நானே ஒரு முறை ஐந்து காசை மிச்சம் பிடிக்க ஆறு மாங்காயைச் சட்டையில் ஏந்திக்கொண்டு மின்தூக்கியில் ஏறியிருக்கிறேன். இன்னொரு பக்கம், துணிப்பை என்று சொல்லி நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாங்கி அலமாரியில் இருபது பையைச் சேர்த்து வைத்திருக்கிறோமே, அதுவும் குப்பைதான், கொஞ்சம் தாமதமான குப்பை.

நான் ஏர்கானைப் போட்டாலே "ஓசோன் ஓட்டையாகுது, பாட்டிக்குச் சொல்லு" என்று என் மகன் பேரனை விட்டு எனக்குப் பாடம் எடுக்கவைக்கிறான். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஏர்கானே கிடையாது, சன்னலைத் திறந்தால் போதும். இப்போது முடியவில்லையே, நான் என்ன செய்ய?
– அங் மோ கியோ பாட்டி

பாட்டி, முதலில் உங்கள் கட்சி. உங்கள் வட்டாரத்திலேயே 2023 மே 13ஆம் தேதி 37 பாகை பதிவானது. அதே 37 பாகை 1983 ஏப்ரலில் தெங்காவிலும் பதிவாகியிருக்கிறது, ஆகவே பகல் வெயில் அன்றும் சுட்டது. மாறிப்போனது இரவு. கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விடுகின்றன, நெருக்கமாகக் கட்டடம் உள்ள இடத்துக்கும் மரம் அடர்ந்த இடத்துக்கும் இரவில் 7 பாகை வரைகூட வித்தியாசம் இருக்கலாம். சன்னலைத் திறந்தால் வரும் காற்று அந்தக் காலத்துக் காற்று இல்லை. போதாததற்கு, அக்கம்பக்கத்து ஏர்கான்கள் தங்கள் வீட்டுச் சூட்டையெல்லாம் வெளியே உங்கள் சன்னல் பக்கம் ஊதுகின்றன.

இப்போது மகனுக்கு. ஓசோன் ஓட்டை பழைய கதை, தம்பி. அதற்குக் காரணமான வாயுக்களை 1987ல் மாண்ட்ரியலில் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் படிப்படியாக நிறுத்தியது, ஓசோன் படலமும் மெல்லத் தேறி வருகிறது. மனிதர்கள் சேர்ந்து ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தார்கள் என்றால் இதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாக வந்த வாயுக்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்கும். பல வீடுகளில் இருக்கும் ஆர்410ஏ என்ற வாயு கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும், ஆர்32 அதில் மூன்றில் ஒரு பங்குதான். 2022 அக்டோபரிலிருந்து இங்கே வீட்டு ஏர்கானில் அந்த மடங்கு 750ஐத் தாண்டினால் விற்பனைக்கு விடக்கூடாது. அதனால் பழையதைக் கழற்ற ஆள் வரும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு போகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேரனை விட்டுப் பாடம் எடுக்கவைப்பதைவிட இது உருப்படி.

பாட்டி, நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 18ல் வைத்துப் போர்வை போர்த்தாமல், 25ல் வைத்து மின்விசிறியையும் சுழலவிடுங்கள்.

நான் கட்டுமான வேலையில் இருக்கிறேன். மதியம் கம்பி தொட்டால் கை சுடுகிறது. போன வாரம் எங்கள் குழுவில் ஒருவர் மயங்கி விழுந்தார், "தண்ணி குடிக்கலையா" என்று அவரைத்தான் திட்டினார்கள். பருவநிலை மாற்றம் என்று ஏர்கான் அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எங்களைப் பற்றிப் பேசுவார்களா அண்ணே?
– துவாஸ் வாசகர்

இந்தப் பதிலை எழுதும்போது என் தலைக்கு மேலும் ஏர்கான் ஓடுகிறது தம்பி, ஒளிக்க விரும்பவில்லை.

உங்களுக்குத் தெரிய வேண்டியதை நேராகச் சொல்கிறேன். வெறும் வெப்பநிலை மட்டும் பார்த்தால் போதாது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால் சூடு, ஈரம், வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதிப்படி வேலையிடத்தில் இந்த அளவை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். 32 பாகையை எட்டினால் கடினமான உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33ஐ எட்டினால் 15 நிமிடம், அதுவும் நிழலில். தண்ணீர் மணிக்கு 300 மில்லியாவது குடிக்கச் சொல்கிறார்கள், ஆனால் குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டுமே? ஊரிலிருந்து புதிதாக வந்தவரையும் நீண்ட விடுப்பில் போய் வந்தவரையும் முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தக் கூடாது, உடம்பு பழகக் கிட்டத்தட்ட ஒரு வாரம் வேண்டும்.

ஆக, மயங்கி விழுந்தவரைத் திட்டுவது தப்பு. அன்று என்ன அளவு காட்டியது, ஓய்வு கொடுத்தார்களா என்று மேற்பார்வையாளரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால் அமைச்சிடம் சொல்லலாம். கூட வேலை செய்கிறவர் தலைசுற்றி, பேச்சு குழறி, தோல் கொதித்தால் காத்திருக்காதீர்கள்: நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 995ஐ அழையுங்கள்.

உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடுதானாம். நாம் செய்து என்ன ஆகப்போகிறது?
– பொங்கோல் வாசகர்

நாம் கெடுப்பது 0.1, நமக்குக் கெடுவது எவ்வளவு என்றும் பாருங்கள். இந்தத் தீவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2100க்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது அரசாங்கத்தின் கணிப்பு. ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே கடலைத் தூர்த்து நீளமாக ஒரு தீவே கட்டத் திட்டமிடுவது காற்று வாங்க மட்டும் இல்லை.

கரிம வரி என்று ஒன்று 2019ல் வந்தது, வெளியிடும் கரியமில வாயு ஒரு டன்னுக்கு 5 வெள்ளி. 2024ல் 25 ஆனது, 2026க்கு 45 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இந்த வரியைக் கட்டுவது பெரிய ஆலைகளும் மின்நிலையங்களும்தான், ஆனால் நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் கொஞ்சம் நம் கட்டணத்திலும் வந்து உட்காரும். முணுமுணுப்பேன், ஆனால் எதிர்க்கமாட்டேன். புகைக்கு விலை இல்லாத வரை யாரும் புகையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வருடம் புகைமூட்டம் வருமா?
– புக்கிட் பாத்தோக் வாசகி

ஜோசியம் தெரியாது. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மழை பொய்த்தால் பயம் அதிகம். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், உள்ளே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிய மண்ணே விறகாகிவிடுகிறது. தீ நிலத்துக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மேலே தண்ணீர் தெளித்து அணையாது. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது நினைவிருக்கும். முகக்கவசம் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

தீபாவளி விருந்துக்கு வாழை இலை போடலாமா, பிளாஸ்டிக் தட்டா? இரண்டும் எரியத்தானே போகிறது என்கிறாள் மருமகள்.
– உட்லண்ட்ஸ் வாசகி

மருமகள் விவரமானவர், இரண்டும் எரியத்தான் போகிறது. ஆனால் இலை எரிந்து வெளியாவது, போன வருடம் அந்த வாழை காற்றிலிருந்து இழுத்த கரிமம். தட்டு எரிந்து வெளியாவது பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டு சும்மா கிடந்த எண்ணெயின் கரிமம். இரண்டையும்விட வீட்டிலிருக்கும் எவர்சில்வர் தட்டு மேல், கழுவ ஆள் இருந்தால். இலைதான் என்றால் தேக்கா சந்தைக்கு முதல் நாளே போய்விடுங்கள், தீபாவளிக் காலையில் போனால் கிழிந்ததுதான் மிஞ்சும்.